காப்பாற்ற வேண்டியது 700 ஜிபி, நான் வாங்கியது 12 டிபி

எங்கள் அப்பா கோத்தகிரியில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர். 1988இல் தோளில் தூக்கும் விஎச்எஸ் கேமராவோடு தொடங்கி, பிறகு சின்ன கேசட்டில் பதியும் மினிடிவி கேமராவுக்கு மாறி, கை நடுங்கத் தொடங்கும்வரை எடுத்தார். ஊரார் வீட்டு கேசட்டுகளை அந்தந்த வீட்டிலேயே கொடுத்துவிடுவார். எங்கள் வீட்டு விசேஷங்கள், ஆத்தா தேயிலை கிள்ளுவது, நானும் தம்பியும் பள்ளிக்கூடம் போவது என்று சும்மா எடுத்தவை மட்டும் இரும்பு பீரோவில் இருந்தன. 2019இல் அப்பா தவறிய பிறகு ஒரு வருடத்துக்குமேல் அந்த பீரோவை யாரும் திறக்கவில்லை. திறந்தபோது 23 விஎச்எஸ் கேசட், 38 மினிடிவி கேசட். விஎச்எஸ் கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தால் டேப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. மலையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, செருப்பிலும் தோல் பையிலும் பூப்பது டேப்பில் பூக்காதா?

"கண்ணு, இதையெல்லாம் டிவியில போட்டுப் பார்க்க முடியுமா?" என்று அம்மா கேட்டார். அந்தக் கேள்வியில் தொடங்கியதுதான். வீட்டுக்கு ஒரு திரையரங்குக் கணினி, அதிலேயே எல்லா வீடியோவையும் சேமிக்கும் சர்வர் என்று திட்டம் போட்டேன். எனக்கு இந்தத் துறையில் படிப்பு இல்லை, வங்கியில் வேலை. தம்பி பெங்களூரில் இருக்கிறான், கூட உட்கார்ந்து செய்ய ஆள் இல்லை. நான் தனியாகத் தட்டுத்தடுமாறி, பணத்தையும் இழந்து, அதைவிடப் பெரிதாக ஒன்றையும் இழந்தேன். இதே வேலையில் இறங்கப் போகிறவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்காக எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் கேசட்டை மாற்றும் வேலை. மினிடிவியில் ஏற்கனவே டிஜிட்டலாகத்தான் பதிவாகியிருக்கும் என்பதால், கேமராவைக் கணினியோடு இணைக்கும் ஃபயர்வயர் கார்டு போட்ட பழைய கணினி ஒன்று கிடைத்தால் தரம் துளியும் குறையாமல் இறக்கிக்கொள்ளலாம். ஒரு மணி நேர கேசட் சுமார் 13 ஜிபி வரும். விஎச்எஸ்ஸை ஓட்டவிட்டு, யுஎஸ்பி கேப்சர் கருவி வழியாகப் பிடிக்க வேண்டும். நான் வைத்த தரத்தில் மணிக்கு 3.6 ஜிபி வந்தது. பூசணம் பிடித்த கேசட்டை நல்ல பிளேயரில் போடாதீர்கள். பூசணம் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். நான் 1,800 ரூபாய்க்குப் பழைய பிளேயர் ஒன்றை இதற்கென்றே வாங்கி, ஒவ்வொரு கேசட்டுக்குப் பிறகும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஹெட்டைத் துடைத்தேன். ஊரடங்கு நாட்களில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து முடித்தேன். எல்லாம் சேர்த்து, அப்பாவின் புகைப்பட ஸ்கேன்களையும் சேர்த்தால்கூட, 700 ஜிபிக்குள்தான். இந்த எண்ணை அன்றைக்கு நான் ஒரு தாளில்கூட எழுதிப் பார்க்கவில்லை.

அப்புறம் ஒரு காரியம் செய்தேன். அம்மாவுக்கு வீசிங் உண்டு. பூசணம் பிடித்த கேசட்டுகள் வீட்டில் இருக்கக் கூடாது என்று, கணினியில்தான் ஏற்றிவிட்டோமே என்ற தைரியத்தில், 23 விஎச்எஸ் கேசட்டையும் சாக்கில் கட்டிப் பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிட்டேன். மினிடிவி கேசட்டுகள் சின்னவை, பூசணமும் இல்லை, ஒரு பிஸ்கட் டின்னில் அடங்கிவிட்டன. அதனால் மட்டும் அவை தப்பின.

2022 ஜனவரியில் கணினியைக் கூட்டினேன். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் ஒரே பெரிய கேபினெட். படம் காட்டுவதும் அதுதான், சேமித்து வைப்பதும் அதுதான். 4கே படம் தடங்கலில்லாமல் ஓட வேண்டுமென்று கிராஃபிக்ஸ் கார்டோடு இயந்திரத்துக்கு 46,000 ரூபாய், 4 டிபி ஹார்ட் டிஸ்க் மூன்றுக்கு 27,000 ரூபாய். ஆக 73,000. மூன்று டிஸ்க்கையும் ரெய்டு 5 முறையில் சேர்த்தேன். ஒரு டிஸ்க் செத்தாலும் மற்ற இரண்டை வைத்துத் தகவலை மீட்டுக்கொள்ளும் ஏற்பாடு அது. 12 டிபியில் பாதுகாப்புக்கு 4 போக 8 டிபி மிஞ்சும், கணினி அதை 7.2 என்று காட்டியது. கம்பெனிக்காரர்கள் ஆயிரத்தின் மடங்கில் கணக்கிடுகிறார்கள், கணினி 1024இன் மடங்கில் கணக்கிடுகிறது, அதனால் வரும் வித்தியாசம். மீதி இடத்தையெல்லாம் சினிமா டிஸ்க்குகளிலிருந்து எடுத்த படங்களால் நிரப்பினேன்.

தவறுகள் இங்கேயே தொடங்கிவிட்டன. முதலாவது, நான் வாங்கிய டிஸ்க்குகள் எஸ்எம்ஆர் வகை. கூரை ஓடுகளைப் போல ஒரு தடத்தின் மேல் இன்னொரு தடம் ஏறி உட்கார்ந்திருக்கும் வகை அது. வாசிக்கும்போது தெரியாது. தொடர்ந்து எழுதும்போது, ஒன்றை மாற்றப் பக்கத்துத் தடங்களையும் திருப்பி எழுத வேண்டியிருப்பதால் வேகம் தரைதட்டிவிடும். தனி டிஸ்க்காகச் சேமிக்க அது போதும், ரெய்டில் போடக் கூடாது. தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத வகைக்கு சிஎம்ஆர் என்று பெயர், அப்படித் தெளிவாகக் குறிப்பிட்ட டிஸ்க்கைத்தான் வாங்க வேண்டும். பெட்டியில் பெரும்பாலும் போட்டிருக்காது. மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் பட்டியலில் தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதாங்க" என்றார், நான் நம்பினேன்.

இரண்டாவது, ஓதம். எங்கள் வீடு பழைய கல் கட்டிடம். ஹாலின் பின்சுவர் மண்மேட்டை ஒட்டி இருக்கிறது. கோத்தகிரிக்குத் தென்மேற்குப் பருவமழையைவிட வடகிழக்குப் பருவமழைதான் அதிகம். அக்டோபர், நவம்பரில் அந்தச் சுவரைத் தொட்டால் கை நனையும். அந்தச் சுவரோரம், தரையில், கேபினெட்டை வைத்திருந்தேன். போதாததற்கு மின்கட்டணத்தை நினைத்து தினமும் ராத்திரி அணைத்துவிடுவேன். அந்த இயந்திரம் சும்மா இருக்கும்போதே 90 வாட் இழுத்தது. நாள் முழுக்க ஓடினால் இரண்டு மாதத்துக்கு 130 யூனிட், அப்போது இலவசமாகக் கிடைத்த முதல் 100 யூனிட்டையே அது தாண்டிவிடும். அணைத்து வைத்தால் என்ன ஆகும் என்றால், ராத்திரிக் குளிரில் பெட்டிக்குள் இருக்கும் உலோகமெல்லாம் சில்லென்று ஆகிவிடும். காலையில் சமையலறை ஆவி அதன் மேல் பட்டால், வெந்நீர்க் கூஜாவுக்குப் பக்கத்தில் கண்ணாடி வேர்ப்பதைப் போல உள்ளே வேர்த்துவிடும். பின்னால் கழற்றிப் பார்த்தபோது டிஸ்க்குக்கு மின்சாரம் போகும் முனைகளில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது.

மூன்றாவது மின்சாரம். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று யுபிஎஸ் வாங்கவில்லை. இன்வெர்ட்டரில் சாதாரண முறை, யுபிஎஸ் முறை என்று ஒரு சுவிட்ச் இருக்கும். எங்களுடையது சாதாரண முறையில் இருந்தது, கரண்ட் போனால் மின்விசிறிக்குத் தெரியாத அந்த ஒரு நொடிக்கும் குறைந்த இடைவெளியில் கணினி அணைந்து மறுபடி எழும். மழைக்காலத்தில் ஒரு நாளில் ஏழெட்டு முறைகூட நடக்கும். டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

2022 அக்டோபர், ஒரு சனிக்கிழமை மத்தியானம். இடி இறங்கியது. வீட்டின் மேல் இல்லை, எதிர் எஸ்டேட் பக்கம். டிவி ஒரு 'டப்' சத்தத்தோடு நின்றது, கணினியிலிருந்து கருகல் வாடை. கரண்ட் வழியாக வந்தது என்றுதான் நினைத்தேன். ஈபி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எலெக்ட்ரீஷியன் அண்ணா வந்து பார்த்துவிட்டு, "அம்மணி, இது பிளக் வழியா வரலைங்க. கேபிள் டிவி ஒயர் வழியா வந்திருக்கு" என்றார். கம்பத்துக்குக் கம்பம் தொங்கி வரும் அந்தச் செம்புக் கம்பி செட்டாப் பாக்ஸுக்குள் போகிறது, அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாக டிவிக்கு, டிவியிலிருந்து இன்னொரு எச்டிஎம்ஐ வழியாகக் கணினிக்கு. 900 ரூபாய் கொடுத்து வாங்கிய ஸ்பைக் பஸ்டர் பிளக்கைத்தான் காத்துக்கொண்டிருந்தது, இந்த வழியில் காவல் இல்லை. அதோடு எங்கள் வீட்டு எர்த் பெயருக்குத்தான் இருந்தது என்பதையும் அன்றுதான் அவர் அளந்து காட்டினார். எர்த் சரியில்லாத வீட்டில் ஸ்பைக் பஸ்டர் இருந்தும் பெரிய பலன் இல்லை, அது திருப்பிவிடும் மின்சாரம் போக வழி வேண்டுமே.

மதர்போர்டும் பவர் சப்ளையும் போயின, 14,500 ரூபாய். டிவியைப் பழுது பார்க்க 6,500. ஒரு டிஸ்க் செத்திருந்தது. சரி, இதற்குத்தானே ரெய்டு என்று இன்னொரு 9,000 ரூபாய்க்கு அதே மாடல் டிஸ்க்கை வாங்கிப் போட்டு செத்த டிஸ்க்கில் இருந்ததைப் புதியதில் திரும்ப எழுதும் மீள்கட்டமைப்பைத் தொடங்கினேன். 4 டிபி சிஎம்ஆர் டிஸ்க்காக இருந்தால் ஓரிரவில் முடிந்திருக்கும். எனக்கு நான்காவது நாளும் 70 சதவீதத்தில் நின்றது. பொறுமையில்லாமல் அதே சமயத்தில் வேறு கோப்புகளையும் அதில் எழுதிக்கொண்டிருந்தேன், அதுவும் சேர்ந்து இழுத்தது. நான்காம் நாள் மாலை கரண்ட் போய் வந்தது. திரும்ப எழுந்தபோது இரண்டாவது டிஸ்க்கில் வாசிக்க முடியாத பகுதிகள் என்று செய்தி. மொத்த ரெய்டும் கலைந்துவிட்டது.

அந்த நேரத்தில் செய்யக் கூடாததைச் செய்தேன். ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து, ரெய்டைப் புதிதாக உருவாக்கும் கட்டளையைக் கொடுத்து, டிஸ்க்குகளின் வரிசையை மாற்றிப் போட்டு, அதன் மேல் கோப்பு முறைமையைச் சரிசெய்யும் கட்டளையையும் ஓட்டிவிட்டேன். ஓடி முடிந்ததும் திரையில் ஒன்றும் இல்லை. ராத்திரி இரண்டு மணி இருக்கும், அம்மா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். சாக்கு மூட்டையில் கட்டிக் கொடுத்த கேசட்டுகள் ஞாபகம் வந்தன. அன்றைக்கு அழுத அழுகை அப்பா போனபோதுகூட அழவில்லை. காலையில் அம்மாவிடம் சொல்லவும் இல்லை, மூன்று வாரம் கழித்துத்தான் சொன்னேன். உங்களுக்கு இப்படி ஆனால் முதலில் கணினியை அணையுங்கள். அந்த டிஸ்க்கில் எதையும் எழுதாதீர்கள். டிடிரெஸ்க்யூ போன்ற கருவியால் ஒவ்வொரு டிஸ்க்கையும் அப்படியே இன்னொரு டிஸ்க்குக்குப் படியெடுத்துவிட்டு, படியில் மட்டும் முயற்சி செய்யுங்கள். டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் அதையும் செய்யாமல் நிபுணரிடம் கொடுத்துவிடுங்கள்.

டிஸ்க்குகளை ஒரு கம்பளியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் வழியாகக் கோயம்புத்தூருக்கு பஸ்ஸில் போனேன். முதல் இடத்தில் 65,000 கேட்டார்கள். அடுத்த இடத்தில் பார்த்துச் சொல்லவே 2,000, கிடைத்த அளவுக்கு 38,000 என்று பேசி முடித்தோம். அந்த 2,000த்தை அதிலேயே கழித்துக்கொண்டார்கள். கொடுக்கும்போதே எந்தக் கோப்புறை முக்கியம் என்று எழுதிக் கொடுங்கள், கிடைத்த கோப்புகளின் பட்டியலைப் பார்த்த பிறகே முழுப் பணம் என்று பேசிக்கொள்ளுங்கள். நான் எழுதிக் கொடுத்ததால்தான் அவர்கள் சினிமாவை விட்டுவிட்டு அப்பாவின் கோப்புகளைத் தேடினார்கள். ஐந்து வாரம் ஆயிற்று. 23 விஎச்எஸ்ஸில் 14 கிடைத்தது. ஒன்பது போய்விட்டது. ஆத்தா தேயிலை கிள்ளிக்கொண்டே கேமராவைப் பார்த்து அப்பாவைத் திட்டும் கேசட் அந்த ஒன்பதில் ஒன்று. ஆத்தாவின் குரல் வேறு எதிலும் இல்லை.

மினிடிவி கேசட்டுகளை மறுபடி 38 மணி நேரம் உட்கார்ந்து ஏற்றினேன். 36 நன்றாக ஓடின, இரண்டில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. இழப்பைக் கூட்டிப் பார்த்தால் 68,000 ரூபாய், முதலில் போட்ட பணத்துக்குக் கிட்டத்தட்ட சமம். ஆனால் என்னை உறுத்துவது அந்தக் கணக்கு இல்லை. 700 ஜிபி. அன்றைக்கு 4,500 ரூபாய்க்குக் கிடைத்த 1 டிபி கையடக்க டிஸ்க் ஒன்றில் அத்தனையும் அடங்கியிருக்கும். இரண்டு வாங்கி ஒன்றைத் தம்பியிடம் கொடுத்திருந்தால் இத்தனையும் நடந்த பிறகும் ஆத்தா இருந்திருப்பார். நான் மறுபடி வாங்கிக்கொள்ளக்கூடிய சினிமாக்களையும், உலகத்தில் வேறெங்கும் இல்லாத அப்பாவின் வீடியோக்களையும் ஒரே தட்டில் வைத்து, இரண்டுக்கும் சேர்த்து ஒரே பாதுகாப்பு வாங்கினேன். ரெய்டு என்பது ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காமல் இருக்கத்தான். இடி, தவறான கட்டளை, திருட்டு, தண்ணீர் எதிலிருந்தும் அது காப்பாற்றாது. திட்டம் போட உட்காரும்போது எந்தக் கணினி, எந்த டிவி என்று தொடங்காதீர்கள். திரும்பக் கிடைக்காதது எவ்வளவு என்று முதலில் அளந்து, அதற்கு இரண்டு படி எடுத்துவிட்டு, மிச்சப் பணத்தில் மற்றதைப் பாருங்கள்.

2023இல் எல்லாவற்றையும் பிரித்துக் கட்டினேன். இப்போது டிவிக்குப் பின்னால் இன்டெல் என்100 சிப் போட்ட உள்ளங்கையளவு கணினி ஒன்று இருக்கிறது, அதில் வீடியோக்களை டிவியில் காட்டும் 'கோடி' (Kodi) என்ற மென்பொருள். எச்இவிசி முறையில் சுருக்கிய 4கே படத்தை அந்தச் சிப்பே எளிதாகக் காட்டுகிறது, கிராஃபிக்ஸ் கார்டு எதற்கும் தேவைப்படவில்லை, அதை விற்றுவிட்டேன். சத்தமும் இல்லை. முன்பு படத்தில் மெதுவாகப் பேசும் இடங்களில் விசிறிச் சத்தம்தான் கேட்கும். சர்வர் தனி, அதுவும் என்100 தான், உள் அறையில் சமையலறைச் சுவரை ஒட்டி, நெஞ்சு உயரத்தில் ஒரு பலகையில். அந்தச் சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். இரண்டு 4 டிபி சிஎம்ஆர் டிஸ்க், ஒன்றுக்கு ஒன்று கண்ணாடிப் பிம்பமாக. ரெய்டு 5ஐ விட இதில் இடம் குறைவுதான். ஆனால் எந்த ஒரு டிஸ்க்கையும் கழற்றி வேறொரு லினக்ஸ் கணினியில் மாட்டினால் தனியாகவே படிக்கலாம், வரிசை மாறிப் போகும் பயம் இல்லை. இந்தச் சர்வரை அணைப்பதே இல்லை. 25 வாட்தான் இழுக்கிறது, இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். எப்போதும் ஓடுவதால் உள்ளே லேசான சூடு இருந்துகொண்டே இருக்கிறது, ஓதம் அண்டுவதில்லை. நம் ஊரில் துணி அலமாரிக்குள் 40 வாட் குண்டு பல்பு எரியவிடுவோமே, அதே வேலைதான்.

யுபிஎஸ் வாங்கும்போது யுஎஸ்பி முனை இருக்கிறதா என்று பாருங்கள். மலிவான 600 விஏ பெட்டிகள் பலவற்றில் இருக்காது. கரண்ட் போய் பேட்டரி குறைந்ததும் சர்வர் தானே ஒழுங்காக அணைந்துகொள்ள அந்தக் கம்பி வேண்டும். 7,500 ஆயிற்று. பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும், வாங்கிய தேதியை மேலே ஒட்டி வையுங்கள். எர்த் குழி புதிதாகத் தோண்ட 5,500. பாறை வந்ததால் எலெக்ட்ரீஷியன் அண்ணா இரண்டு இடத்தில் குழி போட்டார். கேபிள் டிவியைத் துண்டித்துவிட்டேன். ஃபைபர் இணையத்தில் கண்ணாடி இழைக்குள் மின்சாரம் வராது, ஆனால் கம்பத்திலிருந்து அதைத் தாங்கி வரும் இரும்புக் கம்பி இருந்தால் அதை வீட்டுக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள்.

கல் சுவர் வீட்டில் வைஃபையை நம்ப வேண்டாம். இரண்டு சுவர் தாண்டினால் 4கே படம் திக்கும். நான் கேட் 6 நெட்வொர்க் கேபிள் இழுத்தேன். டிவியிலேயே ஒரு நெட்வொர்க் முனை இருக்கிறதே என்று அதில் மாட்டி ஏமாந்தவர்கள் உண்டு. பல டிவிகளில் அந்த முனையின் வேகம் நொடிக்கு 100 மெகாபிட்தான், 4கே ப்ளூரேயின் உச்ச வேகம் அதைத் தாண்டும். சின்னக் கணினியின் ஜிகாபிட் முனையில் மாட்டினால் அந்தத் தொல்லை இல்லை.

அப்பாவின் கோப்புகள் இப்போது சர்வரைத் தவிர இரண்டு கையடக்க டிஸ்க்குகளில் இருக்கின்றன. ஒன்று இங்கே, ரப்பர் வளையம் போட்ட காற்றுப்புகா டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு. ஜெல்லின் நிறம் மாறினால் வாணலியில் லேசாகச் சூடு காட்டித் திரும்பப் போடுகிறேன். இன்னொன்று பெங்களூரில் தம்பியிடம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவன் வரும்போது மாற்றிக்கொள்கிறோம். கொண்டுவந்த டிஸ்க்கை உடனே மாட்டுவதில்லை, அறைச் சூட்டுக்கு வரட்டும் என்று ஒரு ராத்திரி விட்டுவைப்பேன். மாதம் ஒரு முறை ஏதாவது ஒரு கோப்பைக் கையடக்க டிஸ்க்கிலிருந்து எடுத்து முழுதாக ஓட்டிப் பார்ப்பேன். போன மாதம் என் காது குத்து வந்தது. அம்மா கூட உட்கார்ந்து பார்த்து, யார் யார் இப்போது இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார், அதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

அந்த 1,800 ரூபாய் பிளேயர் இன்னும் என்னிடம் ஓடுகிறது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் யார் வீட்டிலாவது பூசணம் பிடித்த கேசட் இருந்தால், கணினியில் ஏற்றிய பிறகும் அதைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு பாலிதீன் பையில் சிலிக்கா ஜெல்லோடு கட்டி, ஆட்கள் புழங்காத இடத்தில் வையுங்கள். அதைச் சுத்தம் செய்து ஓட்டத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.